நன்றானதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு

அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு, அதாவது பெருங்குடல் புண்ணாகி அடங்கி மறுபடி கிளம்பும் நோயோடு, பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன் நான். மதுரையில் குடல் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது புதிதாக வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். பழைய ஆட்கள் நாங்கள் அடித்த அதே கூத்துதான். காரத்தைக் குறை, பரோட்டாவை விடு என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

ரத்தம் போனாலே மூலம் என்பது

சளியோடு ரத்தம், ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் பேதி, எடை இறங்குவது இருந்தால் கொலோனோஸ்கோபிதான், அதாவது கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைதான், பதில் சொல்லும். பவுத்திரம் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான், அது கிரோன்ஸாக, அதாவது குடலில் எங்கு வேண்டுமானாலும் புண் வரவைக்கும் இன்னொரு நோயாக, இருக்கலாம்.

நிறுத்த வேண்டியதைத் தொடர்வது, தொடர வேண்டியதை நிறுத்துவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, ரத்தம் நின்றதும் மெசலமைன் மாத்திரையை விட்டுவிட்டான். சித்திரைத் திருவிழா நெருக்கத்தில், ராவும் பகலும் வியாபாரம் நடக்கிற நேரத்தில் மறுபடி பேதி. டாக்டரிடம் போக நேரமில்லையாம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறான். கொஞ்ச நாளில் கேட்டுவிட்டது, நிறுத்திவிட்டான், திரும்ப வந்தது, திரும்ப வாங்கினான். இப்படியே ஓட்டி, கடைசித் தடவை பல வாரம் தொடர்ந்து போட்டுவிட்டுச் சட்டென்று விட்டதில், எழுந்து நின்றாலே தலைசுற்றல், வாந்தி.

ஸ்டீராய்டு தீயை அணைக்கும், மறுபடி பற்றாமல் காக்காது. காப்பது மெசலமைன், அசதியோப்ரின் மாதிரி மருந்துகள். அவை வேலை செய்வதால்தான் 'நல்லா இருக்கேன்' என்கிறோம், அந்த நேரம் பார்த்து அதையே தூக்கிப் போட்டால் எப்படி? ஸ்டீராய்டை மூன்று நாலு வாரம் போட்டாலே, உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் பொதுவாக 40 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் டாக்டர் இறக்குகிறார். அடிக்கடி போட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். இன்னொன்று, குடல் காசநோயும் கிரோன்ஸும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காசநோய்க்காரர் காசநோய் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு போட்டால் நோய் பரவிவிடும். அடுத்தவர் சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போடும் புத்திசாலிகள் இதைக் கவனிக்கவும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்

வேண்டாம். நோயைக் கிளப்பிவிடலாம். பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

கிரோன்ஸும் சிகரெட்டும்

இரண்டில் ஒன்றைத்தான் உங்களால் விட முடியும். சிகரெட்டை விடுங்கள்.

தொந்தரவு இல்லை, கொலோனோஸ்கோபி எதற்கு?

பெருங்குடலில் நோய் தொடங்கி 8 வருஷம் ஆனால், வயிறு அமைதியாக இருந்தாலும் புற்றுநோய்க்காகப் பார்க்க வேண்டும். அடுத்தது எப்போது என்று டாக்டர் தேதி சொல்வார், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.