ஒரு கம்ப்யூட்டர், இரண்டு இன்டர்நெட் லைன்: விண்டோஸில் செட் செய்வது எப்படி

ஒரு லைன் மெயின், இன்னொன்று அது போனால் கைகொடுக்கும் பேக்கப். முதலில் இரண்டு ரவுட்டர்களின் ஐபியையும் (நெட்வொர்க் முகவரி) பாருங்கள். இரண்டுமே 192.168.1.1 என்றிருந்தால் விண்டோஸ் குழம்பிவிடும். ஒன்றை 192.168.2.1 என்று மாற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி லேன் கார்டில் சொருகுங்கள்.

கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்' போய், மெயின் லைன் கார்டில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஐபி வெர்ஷன் 4, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' டிக்கை எடுத்துவிட்டு 10 போடுங்கள். பேக்கப் கார்டுக்கு 50. சின்ன எண்ணுக்குத்தான் முன்னுரிமை. ஐபி வெர்ஷன் 6 ஓடினால் அங்கேயும் இதையே செய்ய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ரூட் பிரிண்ட்' (route print) அடித்தால் 0.0.0.0 என்று தொடங்கும் இரண்டு வரிகள் தெரியும். மெயின் லைனுக்கு மெட்ரிக் 10க்குப் பதில் 266 காட்டுகிறதா? கேட்வேயை (வெளியே போகும் வழி, அதாவது ரவுட்டரின் ஐபி) கையால் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு விண்டோஸ் தானாக 256 கூட்டிவிடும். டிஹெச்சிபிக்கு (ரவுட்டரே ஐபியைத் தானாகக் கொடுக்கும் முறை) மாற்றுங்கள், அல்லது அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் கேட்வே மெட்ரிக்கை 1 ஆக்குங்கள்.

கூகுள் சர்வரான 8.8.8.8-க்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு மெயின் கேபிளைப் பிடுங்குங்கள். சில பாக்கெட் தொலைந்து, மறுபடி பதில் வரும். பப்ளிக் ஐபி மாறுவதால் விபிஎன் பெரும்பாலும் அறுந்துதான் திரும்ப இணையும்.

ஆனால் ரவுட்டர் ஓடிக்கொண்டே இருக்க, வெளியே ஃபைபர் அறுந்தால்? கேபிளில் லிங்க் இருப்பதால் விண்டோஸ் பெரும்பாலும் மாறாது. அதற்கு இரண்டு லைனையும் தானே கவனித்து மாற்றும் டூயல் வேன் (dual WAN) ரவுட்டர்தான் சரி.