சிந்தெடிக் டிராக்கில் முதல் லேன் ஏன் முதலில் கெடுகிறது, என்ன செய்வது?

சென்னை நேரு விளையாட்டரங்கம் போல நடுவே கால்பந்துப் புல்தரையும் சுற்றிலும் சிந்தெடிக் டிராக்கும் (ரப்பர் துகளைப் பாலியூரிதேன் பசையால் ஒட்டிய ஓடுதளம்) உள்ள அரங்குகளில், முதலில் அடிவாங்குவது உள்விளிம்பை ஒட்டிய முதல் லேன்தான். டிராக் உள்பக்கமாகச் சரிந்திருக்கும். விதிப்படி 100-க்கு 1 வரை. எட்டு லேன், 9.76 மீட்டர் அகலம் என்றால் கிட்டத்தட்ட 10 செ.மீ. இறக்கம். பெய்த மழையெல்லாம் அங்கேதான் வரும். போதாததற்கு எல்லோரும் ஓடுவதும் அதிலேதான்.

மழை விட்டு 20 நிமிடம் கழித்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். மேற்பரப்பின் சொரசொரப்பை மூடும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் இடங்களில் கோன் வையுங்கள். காய்ந்ததும் அங்கே ஒரு மீட்டர் நேர்கம்பியை வைத்தால், அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிகிறதா? தரை இறங்கிவிட்டது. இல்லையென்றால் பெரும்பாலும் வடிகால் அடைப்பு. அக்டோபர் மழைக்கு முன்பே உள்விளிம்புக் கட்டையைக் கழற்றி, அடியில் சேர்ந்த மணலையும் வெட்டிய புல்லையும் வாரிவிட வேண்டும். வாராவிட்டால் பாசி பிடிக்கும்; பாசியில் ஸ்பைக் ஷூவும் வழுக்கும்.

கழுவும்போது விசிறியாகப் பீய்ச்சும் முனையைப் போட்டு, சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். ஊசிபோல் பாயும் நீர் ரப்பர் துகள்களைப் பெயர்த்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்துக்கு டிராக்கின் மேல் வைத்துப் பெட்ரோல் ஊற்றவே கூடாது, சிந்தினால் அந்த இடம் இளகிப்போகும். ரப்பர் விரிப்பு, அதன்மேல் பிளைவுட் பலகை போட்டுத்தான் இயந்திரத்தை உருட்டிக் கடக்க வேண்டும்.

காலால் அழுத்தினால் மெத்தென்று அசையும் கொப்புளம், அடியில் நீர் புகுந்ததற்கு அடையாளம். ஊசியால் குத்திப் பசை விடுவது வீண் வேலை. அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, தார்த்தளத்தை நன்றாகக் காயவிட்டு, அதே உற்பத்தியாளரின் பாலியூரிதேன் கலவையும் துகளும் நிரப்பிச் சமன் செய்யுங்கள். ஈரம் இருந்தால் கலவை நுரைத்துப் பொங்கும், பிடிக்காது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

ஷூவின் அடியில் உள்ள ஸ்பைக் (கூர்முள்) நீளம் 9 மி.மீ.க்கு மேல் வேண்டாம். உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் மட்டும் 12. வார்ம்-அப், மெதுவோட்டம், நடைப்பயிற்சி எல்லாவற்றையும் ஐந்தாம் லேனுக்கும் அதற்கு வெளியேயும் தள்ளுங்கள். தூரம் கணக்கிட வேண்டுமென்றால், ஐந்தாம் லேனில் ஒரு சுற்று 430 மீட்டர், எட்டாவதில் 453. நேரம் குறிக்கும் ஓட்டக்காரர்கள் மட்டும் முதல் லேனில் ஓடட்டும்.