நில மாதிரியிலிருந்து மரம், கட்டடம், வாகனங்களை நீக்கும் முறை

டிரோன் படங்களைக் கொண்டு மென்பொருள் முதலில் உருவாக்கித் தரும் உயர மாதிரி வெறும் நிலத்தைக் காட்டுவதில்லை. கேமராவுக்குத் தெரிந்த மேற்பரப்பு முழுவதும், அதாவது கூரைகள், மர உச்சிகள், நிறுத்தி வைத்த வாகனங்கள் எல்லாம், நிலத்தோடு ஒட்டிய மேடுகளாக அதில் பதிந்திருக்கும். இதை டிஎஸ்எம் (மேற்பரப்பு உயர மாதிரி) என்கிறோம். சமவுயரக் கோடுகள் வரையவும், வெட்டி நிரப்ப வேண்டிய மண்ணின் கன அளவைக் கணக்கிடவும், மழைநீர் ஓடும் திசையைக் கண்டறியவும் தேவைப்படுவது இவை நீக்கப்பட்ட டிடிஎம் (வெறும் நிலத்தின் உயர மாதிரி). கவனிக்காமல் விட்டால் நேரும் பிழை சிறியதன்று. 8 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு லாரி, கன அளவுக் கணக்கில் ஏறத்தாழ 60 கன மீட்டர் மண்ணாகச் சேர்ந்துவிடும், ஏனெனில் மேலிருந்து பார்த்து உருவாக்கிய பரப்பில் வண்டியின் அடியில் உள்ள வெற்றிடத்துக்கு இடமில்லை.

பலர் முதலில் நாடும் வழி, ராஸ்டரின் (ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உயர மதிப்பு கொண்ட படத்தின்) மீது ஒரு மழுப்பு வடிகட்டியை ஓட்டி மேடுகளை மறையச் செய்வது. இதை நான் உறுதியாகத் தவிர்க்கச் சொல்வேன். சராசரி எடுக்கும் வடிகட்டி லாரியை நீக்குவதில்லை. அதன் உயரத்தைக் குறைத்து, அதே கன அளவைச் சுற்றியுள்ள நிலத்தின் மீது பரப்பிவிடுகிறது. படம் அழகாகத் தோன்றும், ஆனால் கணக்குத் தவறாகவே இருக்கும். முன்பு சரியாக இருந்த நிலமும் அதோடு கெட்டுவிடும். நீக்கும் வேலை, ராஸ்டர் உருவாவதற்கு முந்தைய கட்டமான பாயின்ட் கிளவுடில் (உயரத்தோடு கூடிய புள்ளிகளின் திரளில்), ஒவ்வொரு புள்ளியும் நிலமா இல்லையா என்று வகைப்படுத்துவதன் மூலம் நடக்க வேண்டும். புள்ளித்திரளைச் சேமிக்கும் எல்ஏஎஸ் கோப்பு வடிவத்தில் இதற்கான குறியீடுகள் முன்பே வரையறுக்கப்பட்டுள்ளன: நிலம் 2, உயர்ந்த தாவரம் 5, கட்டடம் 6, தரைக்குக் கீழே விழுந்த பொய்ப் புள்ளி 7. புள்ளிகளை அழிக்காமல் வகை மட்டும் மாற்றினால், எடுத்த முடிவைப் பின்னர் திருத்திக்கொள்ள வழி இருக்கும்.

தானியங்கி வகைப்படுத்தலுக்கு முன்னர் பொய்ப் புள்ளிகளைக் களைவது கட்டாயம். நிலத்தைத் தேடும் வழிமுறைகளில் பல, ஒவ்வொரு பகுதியிலும் மிகத் தாழ்ந்த புள்ளியையே நிலமென்று நம்பித் தொடங்குகின்றன. தேங்கிய நீரின் பிரதிபலிப்பால் உண்மைத் தரைக்கு 2 மீட்டர் கீழே ஒரே ஒரு தவறான புள்ளி உருவாகியிருந்தாலும், அது நிலமாக ஏற்கப்பட்டு, அதைச் சுற்றியுள்ள உண்மையான தரைப்புள்ளிகள் அதிக உயரத்தில் இருப்பதாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும். விளைவாக, சமதரையில் ஒரு பள்ளம் தோன்றும். கிளவுட்கம்பேர் என்னும் புள்ளித்திரள் மென்பொருளில் உள்ள எஸ்ஓஆர் வடிகட்டி தனித்து நிற்கும் புள்ளிகளை நன்றாகப் பிடிக்கிறது. கொத்தாகச் சேர்ந்த பொய்ப் புள்ளிகள் அதிலிருந்து தப்பிவிடும் என்பதால், திரளைப் பக்கவாட்டில் திருப்பி, தரைக்கோட்டுக்குக் கீழே தொங்குபவற்றைக் கையாலும் தேர்ந்து 7-ஆம் வகைக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது தானியங்கி வகைப்படுத்தல். டிரோன் படங்களைச் செயலாக்கும் மெட்டாஷேப் மென்பொருளில் கட்ட அளவு, அதிகபட்சக் கோணம், அதிகபட்சத் தூரம் ஆகியவையே முக்கிய அளவுருக்கள். இவற்றின் இயல்பு மதிப்புகள் முறையே 50 மீட்டர், 15 டிகிரி, 1 மீட்டர். மென்பொருள் முதலில் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மிகத் தாழ்ந்த புள்ளிகளை இணைத்து ஒரு தோராயமான முக்கோண வலையைப் பின்னுகிறது. பிறகு, அந்த வலையிலிருந்து கொடுத்த தூரத்துக்கும் கோணத்துக்கும் உட்பட்ட புள்ளிகளை மட்டும் நிலத்தில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கட்ட அளவு, அந்த இடத்தில் தரை தெரியாமல் மறைந்துள்ள மிகப்பெரிய பரப்பைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 60 மீட்டர் அகலமும் நீளமும் கொண்ட கிடங்கு இருக்கும் இடத்தில் 50 மீட்டரை அப்படியே விட்டால், ஒரு கட்டம் முழுவதும் கூரைக்குள் அடங்கி, கூரையே நிலமாகிவிடக்கூடும். அதற்காகக் கட்டத்தை அளவின்றிப் பெரிதாக்குவதும் தவறு, ஏனெனில் மேடு பள்ளமான நிலத்தில் குன்றின் உச்சிகள் வெட்டுப்பட்டுப் போகும். சரிவு மிகுந்த பகுதிகளில் கோணத்தையும் 15 டிகிரிக்கு மேல் உயர்த்த வேண்டியிருக்கும். சமவெளியும் மலைச்சரிவும் ஒரே கோப்பில் இருந்தால், இரண்டையும் தனித்தனியே பிரித்து வெவ்வேறு மதிப்புகளுடன் ஓட்டுவதே நல்லது.

இலவச மென்பொருள்களிலும் இதே வேலை நடக்கும். கிளவுட்கம்பேரின் சிஎஸ்எஃப் முறை, திரளைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் மேல் ஒரு துணியை விழச்செய்வதாகக் கணக்கிட்டு, துணி படியும் பரப்பை நிலமாகக் கொள்கிறது. மற்றொரு மென்பொருளான பிடிஏஎல்லின் எஸ்எம்ஆர்எஃப் வடிகட்டியில், எவ்வளவு பெரிய பொருள் வரை நீக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் சாளர அளவின் இயல்பு மதிப்பு 18. பெரிய கட்டடங்களுக்கு இதை உயர்த்த வேண்டும். இந்த எண்கள் தரவின் அலகிலேயே படிக்கப்படுவதால், அடிக்கணக்கில் உள்ள கோப்புக்கு மீட்டர் மதிப்புகளை அப்படியே கொடுத்துவிடக் கூடாது.

தானியங்கி முடிவை அப்படியே ஏற்பது சரியன்று. நிலப் புள்ளிகளிலிருந்து மட்டும் ஒரு தற்காலிக டிடிஎம் உருவாக்கி, தாழ்ந்த சூரியக் கோணத்தில் ஹில்ஷேடு (மேடு பள்ளங்களின் ஒளி நிழல் படம்) போட்டால், எஞ்சிய புதர்களும் வாகனங்களும் கொப்புளங்கள்போலத் தெரியும். சந்தேகமான இடத்தில் ஒன்று அல்லது இரண்டு மீட்டர் அகலத்துக்குத் திரளைக் குறுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால், தரைக்கோடு எங்கே ஓடுகிறது, எது அதன்மேல் ஏறி நிற்கிறது என்பது விளங்கிவிடும். எதை நீக்குவது என்பதை மாதிரியின் பயன்பாடே தீர்மானிக்க வேண்டும். மண் கரை நிலமே. தாங்குசுவரை நீக்கினால் அதன் பின்னாலுள்ள மேட்டு நிலம் சரிந்து தோன்றும் என்பதால், சுவரின் மேல் விளிம்பிலும் அடியிலும் பிரேக்லைன் (உயரம் சட்டென மாறும் இடத்தைக் குறிக்கும் கோடு) வரைந்து காக்க வேண்டும். நீரோட்ட ஆய்வில் பாலத்தின் தளம் ஆற்றுக்கு அணையாகிவிடும். அதைப் பாலத் தளத்துக்கான 17-ஆம் வகைக்கு மாற்றிவிட வேண்டும்.

டிஎஸ்எம் ராஸ்டர் மட்டுமே கையில் இருந்து, புள்ளித்திரள் கிடைக்காத நிலையில், கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் பொருளைச் சுற்றிப் பாலிகான் (மூடிய எல்லைக்கோடு) வரைந்து, உள்ளே மதிப்பற்ற பகுதியாக்கி, பிறகு சுற்றியுள்ள உயரங்களைக் கொண்டு இடைநிரப்பலாம். படங்களிலிருந்து வரும் மாதிரியில் சுவர்கள் செங்குத்தாக இராமல் அடியில் பரந்து கிடக்கும் என்பதால், பாலிகானைக் கூரையின் விளிம்பில் வரையாமல் அந்தச் சரிவு தரையைத் தொடும் இடத்துக்கு வெளியே வரைய வேண்டும். இல்லையெனில் எஞ்சிய சரிவிலிருந்தே உயரங்களை எடுத்து, மென்பொருள் மீண்டும் ஒரு மேட்டை நிரப்பிவிடும். நிரப்புவதற்கான உயரங்களை மென்பொருள் தேடும் தூரம் வெற்றிடத்தின் அகலத்தில் பாதியைவிடக் குறைவாக இருந்தால் நடுப்பகுதி நிரம்பாமல் போகும்.

எந்த வழியில் நீக்கினாலும், நீக்கிய இடத்தில் இருக்கும் உயரம் அளந்தது அன்று, ஊகித்தது. சமதளத்தில் ஒரு காரின் அடியில் இந்த ஊகம் போதுமானது. சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய கட்டடத்தின் அடியிலும், அடர்ந்த மரக்கூட்டத்தின் அடியிலும் அது நம்பத்தகாதது. கேமராவால் இலைகளை ஊடுருவிப் பார்க்க முடியாது. லேசர் கொண்டு அளக்கும் லைடாரின் கதிர்களில் சில இடைவெளி வழியே தரையைத் தொடும். லைடார் இல்லையென்றால், டோட்டல் ஸ்டேஷன் என்னும் நில அளவைக் கருவி கொண்டு மரங்களுக்கு அடியில் புள்ளிகள் எடுத்து மாதிரியில் சேர்க்க வேண்டும். அதுவும் இயலாதபோது, அந்தப் பகுதியின் எல்லையைத் தனிப் பாலிகானாகக் கொடுத்து, சமவுயரக் கோடுகளை அங்கே இடையிடையே இடைவெளி விட்ட கோடுகளாக வரைவது வரைபடத்தைப் பயன்படுத்துபவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

இறுதிச் சோதனையாக டிஎஸ்எம்மிலிருந்து டிடிஎம்மைக் கழித்துப் பார்க்க வேண்டும். திறந்த தரையில் வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டியும், நீக்கிய பொருள்கள் மீது நேர்மதிப்பாகவும் இருக்க வேண்டும். பொருள் எதுவும் இல்லாத குன்றின் உச்சியில் நேர்மதிப்பு வந்தால் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. எதிர்மதிப்பு வந்தால் இடைநிரப்பிய பரப்பு உண்மைத் தரைக்கு மேலே மிதக்கிறது. இதோடு, செயலாக்கத்தில் பயன்படுத்தாத சோதனைப் புள்ளிகளோடு உயரத்தை ஒப்பிடும்போது, புல்வெளியில் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும், ஏனெனில் டிரோன் படம் காண்பது புல்லின் நுனியை. அந்தப் பிழை பெரும்பாலும் மேல்நோக்கியே இருக்கும். டிடிஎம்மை ஒப்படைக்கும்போது வகைப்படுத்திய புள்ளித்திரளையும் மூல டிஎஸ்எம்மையும் சேர்த்தே கொடுத்தால், ஐயம் எழும் இடத்தில் எது நீக்கப்பட்டது என்பதை வாங்குபவரே திறந்து பார்த்துக்கொள்ள முடியும்.