பச்சிளங்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல்: எங்கே தவறுகிறோம்?

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு மூளையைச் சுற்றியுள்ள உறையில் பாக்டீரியா தொற்றினால், அது பெரியவர்களுக்கு வருவது போல வராது. கழுத்து பெரும்பாலும் விறைக்காது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே இருக்காது, உடம்பு சில்லிட்டுப் போகும். அதனால் "உடம்பு சுடலையே, காலையில பார்க்கலாம்" என்று இருப்பதுதான் நடப்பதிலேயே பெரிய தவறு. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலும் ஆபத்து, 35.5-க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்து.

தெர்மாமீட்டரைவிட, பால் குடிப்பது நல்ல அளவுகோல். நேற்றுவரை நன்றாகச் சப்பிய குழந்தை இன்று மார்பை வாயில் வைத்தும் சப்பாமல் கிடந்தால், "தொந்தரவே பண்ணாத பிள்ளை" என்று சந்தோஷப்படாதீர்கள். எழுப்பியும் எழாத சோர்வு, நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டும் மூச்சு இதெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய அறிகுறிகள்.

அழுகையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சாதாரண அழுகை தூக்கினால் அடங்கும். இந்த நோயில் தூக்கினால், அசைத்தால் கீச்சென்று இன்னும் கூடலாம். நம் ஊரில் இதைப் பார்த்ததும் "உரம் விழுந்திருக்கு" என்று சொல்லி, துணியில் போட்டு உருட்ட ஆள் தேடுவார்கள். அதிலேயே அரை நாள் போய்விடும். உச்சிக்குழி புடைத்தால்தான் மூளைக்காய்ச்சல் என்று காத்திருப்பதும் இதே ரகம். புடைப்பு தாமதமாகத்தான் தெரியும், பல குழந்தைகளுக்குத் தெரியவே தெரியாது.

வலிப்பும் ஏமாற்றும். கை கால் வெட்டி இழுக்க வேண்டும் என்றில்லை. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், வாய் சும்மா சப்புக்கொட்டும், கால் சைக்கிள் மிதிப்பது போல ஓடும், சில நேரம் மூச்சே நிற்கும். "நரி விரட்டுது" என்று சிரித்துவிட்டுப் போகாமல் செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எடுப்பதற்காகக் கிளம்பத் தாமதிக்க வேண்டாம். மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த பாராசிட்டமால் சொட்டும் ஆன்டிபயாட்டிக் சிரப்பும் கொடுக்கவே கூடாது. அறிகுறி மறையும், நோய் போகாது. சோதனையில் கிருமியும் வளராமல், எந்தக் கிருமி என்றே தெரியாமல் போகலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும், பிரசவத்துக்கு 18 மணி நேரத்துக்கு முன்பே பனிக்குடம் உடைந்திருந்தாலோ, பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலோ, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அடுத்த தவறு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீரைச் சோதிக்க முதுகில் ஊசி போட்டு எடுக்கச் சம்மதிக்காமல் இருப்பது. "கால் விளங்காம போயிடும்" என்று பாட்டிமார் பயப்படுவது புரிகிறது, ஆனால் தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. ரத்தச் சோதனை மட்டும் போதாதா என்றால், போதாது. இந்த நோய் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் கிருமி வளர்வதில்லை. மூச்சு நிலையாக இல்லாவிட்டால் நீர் எடுப்பதை மருத்துவரே தள்ளிவைப்பார். அது சரிதான், ஆன்டிபயாட்டிக் மட்டும் தள்ளிப்போகக் கூடாது.

அப்புறம், பாதியில் டிஸ்சார்ஜ் கேட்பது. ஐந்தாம் நாளே குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், "எதுக்கு இன்னும் ஊசி?" என்று தோன்றும். நோய்க்குக் காரணமான கிருமி பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பொதுவாக 14 நாள், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை என்றால் குறைந்தது 21 நாள் ரத்தக் குழாய் வழியாகவே மருந்து ஏற வேண்டும். வாய்வழி மருந்தால் மூளை நீரில் போதிய அளவு சேர முடியாது.

தொப்புளில் சாம்பல், மூக்கில் எண்ணெய், குளிப்பாட்டியதும் மூக்கில் வாயால் ஊதுவது எல்லாமே கிருமிக்கு வாசல். தொப்புளைச் சுத்தமாக, ஈரமில்லாமல் விட்டால் போதும்.

குணமாகி வீடு வந்த பிறகும் பலர் விட்டுவிடுவது காது கேட்கும் சோதனையை. இந்த நோய் கேட்கும் திறனைப் பறிக்கக்கூடியது, அது கைதட்டிப் பார்த்தால் தெரியாது. டிஸ்சார்ஜுக்கு முன்போ, வீடு திரும்பிய ஒரு மாதத்துக்குள்ளோ 'பெரா' சோதனை (ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலைக் கருவியில் பதிவது) செய்யக் கேளுங்கள். ஒவ்வொரு தடுப்பூசிக்குப் போகும்போதும் தலைச் சுற்றளவையும் அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். தலை வேகமாகப் பெருத்தால் மூளையில் நீர் சேர்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டியிருக்கும்.