பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போது செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் தவறுகள்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கைக்கு வருவதற்கு முன்பே காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பாதி வீடுகளில் குரூப் முடிவாகிவிடும். முடிவெடுப்பது பெரும்பாலும் பிள்ளை இல்லை. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் அம்மான் மகன், டாக்டருக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், போதாக்குறைக்கு "இவ்வளவு மார்க் வாங்கிட்டு ஏன் பயோ-மேத்ஸ் எடுக்கலை?" என்று கேட்கும் பள்ளி. எந்தப் படிப்பு, அதற்கு எந்தப் பாடம் கட்டாயம், எந்த மார்க்கை வைத்து இடம் கொடுக்கிறார்கள் என்பதையெல்லாம் பிளஸ் டூ பாதியில்தான் விசாரிக்கிறோம். அதற்குள் பாடம் மாற்ற வழியில்லாமல் போய்விடுகிறது.

இதில் அதிகம் பார்ப்பது கம்ப்யூட்டர் குரூப் மயக்கம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வேண்டுமானால் பள்ளியிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியல் பாதியாக 50, வேதியியல் பாதியாக 50. கம்ப்யூட்டர் சயின்ஸில் சென்டம் வாங்கினாலும் அந்த 200க்குள் அது வராது. பயோ-மேத்ஸ் படித்த பிள்ளையும் அதே வரிசையில்தான் நிற்கும். பாடம் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நேரத்தை எங்கே போடுவது என்பதை இந்தக் கட் ஆஃப் கணக்குதான் சொல்கிறது.

ஒரு பிள்ளை கணிதத்தில் 90, இயற்பியலில் 96, வேதியியலில் 98 என்று வைத்துக்கொள்வோம். கட் ஆஃப் 90, 48, 49 சேர்த்து 187. இன்னொரு பிள்ளை கணிதத்தில் 98, மற்ற இரண்டில் 90, 88. அதுவும் 98, 45, 44 சேர்த்து 187தான். மொத்தத்தில் 8 மார்க் குறைவாக வாங்கியும் இரண்டாவது பிள்ளை அதே இடத்தில் நிற்கிறது. வீட்டில் 600க்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். கவுன்சலிங்கில் அந்தக் கேள்வி வருவதில்லை.

அதற்காகத் தமிழையும் ஆங்கிலத்தையும் கைகழுவிவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போக நினைக்கும் பொதுப்பிரிவு, ஓ.பி.சி. மாணவர்கள் பிளஸ் டூவில் 75 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வர வேண்டும். அந்தச் சதவீதத்தில் மொழிப்பாடமும் சேரும்.

அடுத்தது கணிதமும் உயிரியலும் சேர்ந்த பயோ-மேத்ஸ். பொறியியல், மருத்துவம் என்று "ரெண்டு கதவும் திறந்திருக்கும்" என்பார்கள், உண்மைதான். ஆனால் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் 720 மார்க்கில் 360 உயிரியலுக்கு, கணிதத்துக்கு ஒன்றுமில்லை. பொறியியல் கட் ஆஃபில் உயிரியலுக்கு ஒன்றுமில்லை. நாலு கனமான பாடம், காலையில் நீட் கோச்சிங், மாலையில் கணக்கு டியூஷன் என்று ஓடும் பிள்ளை கடைசியில் இரண்டிலும் நடுத்தரமாக நிற்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. முடிவு செய்ய முடியாத பிள்ளைக்கு இந்தக் குரூப் சரி. ஆனால் பிளஸ் ஒன் அரையாண்டுக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவம் மட்டும்தான் என்று உறுதியாக இருப்பவர் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. எடுத்தபின் பி.ஆர்க். முடியாது, பொறியியலில் பெரும்பாலான பிரிவுகள் முடியாது, காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகலாம், அவ்வளவுதான். அது தெரிந்து எடுத்தால் சரி.

இனி நம் ஊருக்கே உரிய ஒன்று. கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன ஊர்களில் பேரேடு எழுதிப் பழகிய பரம்பரை என்பதால் காமர்ஸ் இங்கே மரியாதையான குரூப்தான். சிக்கல் எங்கே என்றால், "கணக்கு வராத பிள்ளை, காமர்ஸ் எடுக்கட்டும்" என்று ஆயா (பாட்டி) முற்றத்து வளவில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்வதில். சி.ஏ. படிப்பின் முதல் தேர்வான பவுண்டேஷனில் நாலு தாள். அதில் மூன்றாவது தாளில் வணிகக் கணிதத்துக்கு 40, புள்ளியியலுக்கு 40, மீதி 20 லாஜிக்கல் ரீசனிங்குக்கு. இந்தூர் ஐ.ஐ.எம்.மின் ஐந்தாண்டுப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நுழைவுத் தேர்வில் கணக்கு கண்டிப்பாக உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் பொருளாதாரத்துக்கு க்யூட் நுழைவுத் தேர்வில் கணிதம் எழுதியே ஆக வேண்டும். கணக்குக்குப் பயந்து காமர்ஸுக்கு வந்த பிள்ளை, இரண்டு வருஷம் தொடாத கணக்கையே அங்கே எதிர்கொள்கிறது. காமர்ஸ் எடுத்தால் நாலாவது பாடமாக வணிகக் கணிதம் தரும் பள்ளியைத் தேடுங்கள். அப்புறம் போக நினைக்கும் கல்லூரி அதைக் கணிதமாக ஏற்கிறதா என்று அந்தக் கல்லூரியின் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளையை "எதுக்கும் இருக்கட்டும்" என்று சயின்ஸில் தள்ளுவதும் வேண்டாத வேலை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வுக்கோ தமிழ்நாட்டுச் சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கோ இன்ன குரூப்தான் என்ற நிபந்தனை இல்லை.

பிளஸ் ஒன்னைக் கோட்டைவிடுவது பழைய வியாதி, இப்போது இன்னும் கூடும் போலிருக்கிறது. 2025-26 முதல் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. தீபாவளிக்குள் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்பேற்றிவிட்டுப் பிளஸ் டூ நடத்தத் தொடங்கும் பள்ளிகளுக்கு இது வசதி. நீட்டிலும் ஜே.இ.இ.யிலும் கிட்டத்தட்டப் பாதிக் கேள்விகள் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வருபவை. பள்ளியைத் தேர்வு செய்யும்போது ரிசல்ட் பேனரைப் பார்ப்பதைவிட, "லெவன்த் சிலபஸ் எந்த மாதம் முடிப்பீங்க?" என்று கேட்பது மேல்.

பள்ளி மாற்றுவதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தொடர்ந்து படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைக் கோச்சிங்கோடு சேர்ந்த தனியார் பள்ளிக்கு மாற்றினால் அது போய்விடும். நம் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கட்டிவைத்த பழைய பள்ளிகளில் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டணம் குறைவு, அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், அதனால் அரசுப் பள்ளி என்றே பேசிப் பழகிவிட்டோம். ஒதுக்கீட்டில் அவை சேராது. டி.சி. வாங்குவதற்கு முன் இரண்டு பள்ளிகளும் எந்த வகை என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்துச் சேர்த்த பிறகும் சில பிள்ளைகளுக்குப் பாடம் பிடிபடாது. ஜூன், ஜூலையிலேயே நோட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதே வகுப்பாசிரியரைப் பார்த்துக் குரூப் மாற்ற இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்து போய் நின்றால், விட்டுப்போன மூன்று மாதப் பாடத்தை யார் நடத்துவது என்று தலைமையாசிரியர் கேட்பார், அது நியாயமான கேள்விதான்.