அலையில்லாத கடற்கரையில் முதல் ஆண்டு

சிங்கப்பூரில் முதல் சில மாதங்கள் எல்லாக் குடும்பங்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளி, ஞாயிறானால் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் கையில் கிடைத்துவிட்டால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும். ஆனால் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். வீடு, அலுவலகம், தேக்கா, கடைத்தொகுதி, மறுபடியும் வீடு. ஓராண்டு கழித்து விசாரித்தால், "ஊர் நல்லாத்தான் இருக்கு, பிள்ளைங்களுக்குத்தான் ஒட்டவே மாட்டேங்குது" என்பார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணிப் பக்கம் போனீங்களா?" என்றுதான்.

நான் நாகப்பட்டினத்துக்காரி. பிடோக்கில் வீடு எடுத்த முதல் ஞாயிறே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போனோம். கடலைப் பார்த்ததும் என் முகம் விழுந்துவிட்டது. அலையே இல்லை, ஏரிக்கரை மாதிரி தண்ணீர் நலுங்கிக்கொண்டிருந்தது. சுமத்ராவும் ரியாவ் தீவுகளும் மலாயாத் தீபகற்பமும் சுற்றி மறைத்து நிற்கிற நீரிணை இது. வங்கக் கடலின் இரைச்சலை இங்கே தேடக்கூடாது என்று மனசுக்குப் பழக எனக்குச் சில வாரங்கள் ஆயின.

அலைக்குப் பதில் இங்கே கப்பல்கள். தொடுவானம் வரை நங்கூரம் போட்டு நிற்கும். மகளுக்கு அப்போது 5 வயது. "எத்தனை கப்பல்னு எண்ணு பாப்போம்" என்றேன். விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, அடுத்து "இருபத்திப்பத்து!" என்றாள். அடுத்த ஞாயிறு முப்பது சரியாக வந்தது. அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் தமிழ் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டோம். பாலர் பள்ளியில் ஆங்கிலம் தானாக வந்துவிடும். அதற்காக நீங்கள் வீட்டில் மெனக்கெட வேண்டியதில்லை. தமிழுக்குத்தான் மெனக்கெட வேண்டும். பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் இருந்தாலும், அது வாயில் புழங்குவதற்கு இப்படி ஒரு இடமும் நேரமும் தேவை.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா சுமார் 15 கிலோமீட்டர் நீளம். முன்பு கடலாக இருந்த இடம்; 1966இல் தொடங்கிக் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். 2024 ஜூனில் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை இந்தப் பக்கம் வந்தபிறகு மரின் பரேட், சிக்லாப், பேஷோர் எம்ஆர்டி நிலையங்களில் இறங்கி நடந்தே போகலாம். பூங்காவுக்கு முன்னால் ஓடும் விரைவுச்சாலையை மேலே கடக்க வழி தேடாதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது. மாலை 5 மணிக்குப் போங்கள். 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு ரயிலிலும் பேருந்திலும் கட்டணம் இல்லை.

பசித்தால் ஈஸ்ட் கோஸ்ட் லகூன் உணவங்காடி நிலையம். அங்கே சில பழக்கங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. மாற்றி வைத்துவிடாதீர்கள், இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். டீ கேட்கும்போது வெறும் "தே" என்றால் கெட்டிப் பாலும் இனிப்புமாக வரும். "தே ஓ" என்றால் பால் இல்லாமல் சீனியோடு. சீனியும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்". விலையை இங்குள்ள தமிழர்கள் "ரெண்டு வெள்ளி" என்பார்கள். வெள்ளி என்றால் டாலர்.

மழையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலோ காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து ஒரு காற்று மழை பாய்ந்து வரும். ஒருநாள் காலை பிடோக் படகுத்துறையின் நுனியில் தூண்டில் போடுபவர்களை வேடிக்கை பார்த்து நின்றோம். மேற்கே வானம் மசியாகக் கருத்தது. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தூண்டிலைச் சுருட்டினார், வாளியைத் தூக்கினார், என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கரையேறிக் கூரைக்குள் நுழைந்ததும் இடி விழுந்த சத்தத்தில் மகன் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இங்கே மின்னல் அதிகம். உள்ளூர்க்காரர் சாமான்களைச் சுருட்டினால் நீங்களும் கிளம்பிவிடுங்கள். குடையும் பிள்ளைக்கு ஒரு மாற்று உடுப்பும் எப்போதும் பையில் இருக்கட்டும்.

மரினா அணைக்கட்டுக்குப் பட்டம் எடுத்துக்கொண்டு போங்கள். கூரை முழுக்கப் புல்வெளி, காற்றுக்குக் குறைவில்லை, கட்டணம் கிடையாது. 2008இல் திறந்த இந்த அணை கடலையும் மரினா விரிகுடாவையும் பிரிக்கிறது. ஒரு பக்கம் உப்பு நீர், மறுபக்கம் குடிநீருக்கான நீர்த்தேக்கம். "உப்பெல்லாம் எங்கம்மா போச்சு?" என்றாள் மகள். ஆண்டுக்கணக்கில் பெய்த மழைதான் அதைக் கழுவிக் கடலுக்குத் தள்ளியது என்று சொன்னேன். குழாயைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. அங்கிருந்து எஸ்பிளனேட் கலையரங்கப் பக்கம் போனால் நீரோர அரங்கில் இலவசக் கச்சேரிகள் நடக்கும். நவம்பரில் நம்மூர்க் கலைகளுக்கென்றே அங்கு கலா உத்சவம் உண்டு.

இவ்வளவும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக விரும்பும் இடம் தெலுக் ஆயர் தெரு. மலாயில் தெலுக் என்றால் வளைகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இன்று சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள், கடல் கண்ணுக்கே எட்டாது. ஆனால் ஒரு காலத்தில் கரையே இந்தத் தெருதான். கப்பலில் வந்தவர்கள் இறங்கிய இடம் இது. அந்தத் தெருவில் முதன்முதலாக நடந்தபோது, வெள்ளையும் பச்சையுமாய் ஒரு சின்னக் கட்டடத்தின் முன் நின்றுவிட்டேன். நாகூர் தர்கா! 1828க்கும் 1830க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவரை நினைத்து எழுப்பியது. எங்கள் வீட்டிலிருந்து நாகூர் ஒரு பஸ் டிக்கெட் தூரம். கந்தூரிக்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து போனவள் நான். அந்தப் பெயரை இங்கே படித்தபோது கண் நிறைந்துவிட்டது. அதுவரை விருந்தாளியாக இருந்தவள், அன்றுதான் இந்த ஊரில் கால் ஊன்றினேன்.

பிள்ளைகளை அங்கே நிறுத்தி, "இந்த இடம் வரைக்கும் தண்ணி இருந்துச்சு, நம்ம ஆளுங்க இங்கதான் எறங்கினாங்க" என்று சொல்லுங்கள். பிறகு சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள மாரியம்மன் கோயில் வரை நடந்து போங்கள். 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிய ராஃபிள்ஸுடன் கப்பலில் வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய கோயில் அது. ஆற்றங்கரைப் பக்கம் சூலியா தெரு என்று ஒரு பெயர்ப்பலகை வரும். சூலியா என்பது தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய பழைய பெயர். தேக்காவுக்கும் முந்திய தமிழ் இந்தத் தண்ணீர் ஓரத்தில் இருக்கிறது.

வெயில் தாழ்ந்த ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துப் புலாவ் உபின் தீவுக்கும் போய்வாருங்கள். 2ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜ் வரை போகும், அங்கிருந்து படகு. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தீவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். செக் ஜாவாவில் சதுப்புநிலத்தின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் நண்டுகளை நிறையப் பார்க்கலாம். 2001இல் தூர்க்கப்பட இருந்து, மக்கள் குரல் கொடுத்துத் தப்பிய கரை அது.

படகுக்கு நேர அட்டவணை இல்லை. 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும். அவசரமென்றால் மீதிப் பேருக்கும் சேர்த்து நீங்களே கொடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் யாரும் அவசரப்படுவதில்லை. படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களை மகன் எண்ணுவான். "ஒன்பது பேரு. பத்து. அம்மா, அந்த அக்கா சைக்கிளோட வர்றாங்க, பதினொண்ணு." இன்னொருவர் வருகிற வரைக்கும் நாலு பேரும் பாதையையே பார்த்துக்கொண்டிருப்போம்.