டக் தப்பியது, பார்ஜ் தட்டியது: இழுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டக்கில், அதாவது இன்ஜின் இல்லாத சரக்கு பார்ஜை வயர் கட்டி இழுக்கும் படகில், புதிதாக வீல் பிடிக்க வரும் தம்பிகளிடம், எங்கள் காலத்தில் நாங்கள் வாங்கிய அதே திட்டுகளை நான் இப்போது திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். லைஃப் ஜாக்கெட் போடாதது, வாக்கி டாக்கியை சார்ஜ் போடாமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. உரிமத்துக்குப் படிக்கும்போதே அதெல்லாம் காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள்.

போயாவை (மிதவைக் குறி) டக்குக்கு மட்டும் கணக்குப் பண்ணுவது

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் முனையத்துக்குத் தெற்கே, ஜூரோங் தீவுக்கும் புக்கோமுக்கும் நடுவில் சைரீன் திட்டு இருக்கிறது. தண்ணீர் வற்றினால் மணலும் கடற்புல்லும் வெளியே தெரியும். ஏறிவிட்டால் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் திட்டைக் காட்டும் பீக்கன் நிற்கிறது, சார்ட்டிலும் (கடல் வரைபடம்) இருக்கிறது. நம் கடற்பகுதியில் இப்படிக் குறி வைத்த திட்டுகள் நிறைய. அப்படியும் பார்ஜ் போய் ஏறுகிறது என்றால், அதைப் பார்க்காமல் ஏற்றியவர்கள் குறைவு. பார்த்து, சுற்றிப் போய், பிறகு ஏற்றியவர்கள்தான் அதிகம்.

தெற்குத் தீவுகள் பக்கம் ஒரு முறை கல் ஏற்றிய 300 அடி பார்ஜ் திட்டில் ஏறி நின்றது. உதவிக்குப் போன டக்கில் நான் இருந்தேன். அந்த பார்ஜை இழுத்து வந்த டக்கின் இளம் கேப்டன் என்னைக் கூப்பிட்டு, டக் போன வழியைக் கோடாகக் காட்டும் பிளாட்டர் திரையைக் காட்டினார். “பாருங்கண்ணே, நான் போயாவுக்கு வெளியதான் வந்திருக்கேன்.” உண்மைதான். திரையில் கோடு போயாவை விட்டு விலகி, அழகாக வளைந்து போயிருந்தது. தலையைத் திருப்பிப் பின் ஜன்னலைப் பார்த்தால், பார்ஜின் பின் மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது, அதைச் சுற்றித் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியிருக்கிறது. கடைசிவரை அவர் அந்தக் கோட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஜிபிஎஸ் ஆன்டெனா இருப்பது டக்கில். பார்ஜ் எந்த வழியாக வந்தது என்று அந்தத் திரைக்கு எப்படித் தெரியும்?

கணக்கு இதுதான். தண்ணீரில் உங்கள் வேகம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்), குறுக்கே நீரோட்டம் 2 நாட். நேராகப் போக வேண்டுமானால் டக்கின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக சுமார் 24 டிகிரி திருப்பிவைக்க வேண்டும். வயர் டக்கின் பின்பக்கமாகத்தானே நீளும்? அதனால் பார்ஜ் நீங்கள் போன கோட்டில் வராது. நீரோட்டம் போகும் பக்கமாக ஒதுங்கி, இணையாக வேறொரு கோட்டில் வரும். 200 மீட்டர் வயர் என்றால் 80 மீட்டர் ஒதுங்கல். 300 அடி பார்ஜின் வால்வரை கணக்கிட்டால் 115 மீட்டரைத் தாண்டிவிடும். நீங்கள் போயாவை 100 மீட்டர் தள்ளித் தாண்டியிருப்பீர்கள், பார்ஜின் பின் மூலை போயாவுக்கு உள்ளே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் இதைவிட வேகமாகவும் ஓடும்.

இதோடு திருப்பமும் சேர்ந்தால் தீர்ந்தது கதை. நாற்பதடி டிரெய்லர் முனை திரும்பும்போது பின் சக்கரம் நடைபாதையில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பார்ஜும் அப்படித்தான் வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். டக் போயாவைத் தாண்டியதும் வீலைத் திருப்புகிறவர், பார்ஜைத் திட்டுக்கு நேராக இழுத்துவிடுகிறார்.

என்ன செய்யலாம்? கிளம்பும் முன்பே துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையை எடுத்து, அந்த இடத்தைத் தாண்டும் நேரத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். திட்டை நோக்கி ஓடினால் இடைவெளியைத் தாராளமாக வையுங்கள், இல்லாவிட்டால் நேரத்தை மாற்றுங்கள். திட்டை நெருங்குவதற்கு வெகு முன்பே வயரைக் குறைத்துவிடுங்கள். அப்புறம், ஒருவரைப் பின்னால் நிறுத்தி பார்ஜையும் போயாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ஜின் வால் போயாவைத் தாண்டிவிட்டது என்று அவர் கத்திய பிறகுதான் திரும்ப வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. சரக்கு பார்ஜில் இருக்கிறது, கண்ணும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இழுவை நீளத்தை வயரோடு நிறுத்திக்கொள்வது

டக்கின் பின்முனையிலிருந்து பார்ஜின் கடைசிவரை அளக்க வேண்டும். 150 மீட்டர் வயர், 90 மீட்டர் பார்ஜ் என்றால் 240. விதியில் சொல்லும் 200 மீட்டரைத் தாண்டியாயிற்று. இரவில் மாஸ்டில் இரண்டு வெள்ளை விளக்கு போதாது, மூன்று வேண்டும். பகலில் டைமண்ட் வடிவக் குறி.

பயத்தில் இன்ஜினை நிறுத்துவது

பார்ஜுக்கு பிரேக் கிடையாது. உங்கள் மேலேயே வந்து ஏறும்.

வின்ச்சின் எமர்ஜென்சி ரிலீஸ் (வயரை உடனே விடுவிக்கும் அமைப்பு) எங்கே என்று தெரியாமல் இழுப்பது

வயர் பக்கவாட்டில் இழுத்தால் டக் கவிழ்ந்துவிடும், நிமிடக் கணக்கில்கூட இல்லை. தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

விடிகாலைச் சுமத்ராவை மழை என்று நினைப்பது

சுமத்ரா என்பது மேற்கிலிருந்து திடீரென்று வரும் பலத்த காற்றும் மழையும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மேற்கே கறுத்தால், திட்டுப் பக்கம் போவதைத் தள்ளிப்போடுங்கள். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர்வரை அடிக்கும், மழையில் பின்னால் வரும் பார்ஜே கண்ணுக்குத் தெரியாது.

பார்ஜ் திட்டில் ஏறியதும் முழு வேகத்தில் இழுப்பது

முதலாளி போனில் கத்துவார். கத்தட்டும். முதலில் கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லுங்கள். சிங்கப்பூர் நீரிணையில் என்றால் ரேடியோவில் மேற்கே சேனல் 73, நடுவில் 14, கிழக்கே 10. பிறகு பார்ஜின் டேங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீர் ஏறுகிறதா என்று அளந்து பாருங்கள். அடித்தகடு கல்லில் குத்தி நிற்கும்போது இழுத்தால் சின்ன ஓட்டை நீளக் கிழிசலாகிவிடும், பவளமும் நொறுங்கிப்போகும். சுற்றிலும் ஆழம் பாருங்கள். வற்றும்போது ஏறியிருந்தால் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கலாம். பௌர்ணமி ஏற்றத்தின் உச்சத்தில் ஏறியிருந்தால் அதே அளவு தண்ணீர் வர இரண்டு வாரம்கூட ஆகலாம். அப்போது சரக்கை வேறு பார்ஜுக்கு மாற்றித்தான் மிதக்கவைக்க வேண்டும். கிரேன் பார்ஜ் நினைத்த நேரத்தில் கிடைக்காது, முதல் நாளே சொல்லிவையுங்கள்.